பொம்பெயி வார்ப்புகள்: உள்ளே இருப்பது உடலா, பிளாஸ்டரா, கதையா?

கரிக்கோடு | 4 ஜூன் 2025

யூடியூபில் ஓர் ஆவணப்படம். "எரிமலைக் குழம்பில் அகப்பட்டு நொடியில் கல்லானவர்கள்" என்று, எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பெயியின் உடல்களைக் காட்டுகிறார்கள். கீழே ஒருவர், "அத்தனையும் பிளாஸ்டர் பொம்மை, டிக்கெட் விற்கச் செய்தது" என்று எழுதியிருக்கிறார். எது சரி? என் ஓட்டு இரண்டாவதற்கு. தொல்லியலாளர்கள் பொதுமக்கள் பக்கம் திரும்பினாலே சரக்கில் பாதி சினிமா ஆகிவிடுகிறது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

நீற்றுப்பெட்டி | 4 ஜூன் 2025

இரண்டும் தப்பு. பொம்பெயிக்குள் எரிமலைக் குழம்பு வரவே இல்லை.

நீற்றுப்பெட்டி | 5 ஜூன் 2025

நேற்று ஒற்றை வரியோடு விட்டுவிட்டேன், இப்போது விவரமாக.

கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது நகரத்தின் மேல் விழுந்தவை இரண்டு வகை. முதலில் நுரைக்கல் மழை. மணிக்குச் சுமார் 15 செ.மீ. வீதம் சேர்ந்து, கடைசியில் ஏறக்குறைய 2.8 மீட்டர் உயரம். எடை குறைந்த கல்தான், ஆனால் கூரைகள் தாங்கவில்லை. மறுநாள் காலை மலைச்சரிவில் இறங்கி வந்தது சுடுவாயுவும் நுண்சாம்பலும் கலந்த வேகமான பாய்ச்சல். அதுவரை பிழைத்திருந்தவர்களைக் கொன்றது அதுதான்.

இந்த இரண்டு அடுக்கையும் பிரித்துப் பார்க்காவிட்டால் வார்ப்பு விஷயம் புரியாது. நுரைக்கல் அடுக்கில் செத்தவர்களுக்கு எலும்பு மட்டுமே மிச்சம். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சந்து இருப்பதால் உடல் அழுகியதும் கற்கள் சரிந்து அந்த இடத்தை நிரப்பிவிடும். நுண்சாம்பல் அப்படியில்லை. உடலை ஒட்டிப் படிந்து இறுகியது. தசை மக்கிப் போனபின் உள்ளே ஒரு கூடு நின்றது. கூட்டின் உட்சுவரில் துணி மடிப்பு, செருப்பு வார், சில இடங்களில் முகம்கூடப் பதிந்திருக்கும். எலும்புகள் கூட்டின் தரையில் கிடக்கும்.

அந்தக் கூட்டில் பிளாஸ்டர் ஊற்றினால் வருவது வார்ப்பு. ஆக, வெளியுருவம் சாம்பல் எடுத்த அச்சு, நடுவில் பிளாஸ்டர், அதற்குள் அசல் எலும்பு. கல்லும் இல்லை, பொம்மையும் இல்லை.

செங்கல்சூளை | 5 ஜூன் 2025

எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2003-ல் வெளியான ஆய்வுக் கணக்கில், பதிவான சடலங்களில் 394 நுரைக்கல் அடுக்கில், 650 சாம்பல் பாய்ச்சல் அடுக்கில். வார்ப்புகளோ நூற்றுக்குச் சற்று மேல். 1863-ல் ஜுசெப்பே ஃபியோரெல்லி வார்க்கத் தொடங்குவதற்கு முன்னால் தோண்டியவர்கள் கூடு என்று தெரியாமலே உடைத்துக்கொண்டு போனார்கள், பின்னாலும் எல்லாக் கூடும் வார்க்கும் நிலையில் கிடைக்கவில்லை. "மொத்த ஊரும் உறைந்து நிற்கிறது" என்கிற வர்ணனை அங்கேயே அடிபட்டுப் போகிறது.

கரிக்கோடு | 5 ஜூன் 2025

சரி, எலும்பு உள்ளே இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். டிக்கெட் விற்கச் செய்தது என்பதை இன்னும் யாரும் மறுக்கவில்லையே?

வடக்குவாசல் | 6 ஜூன் 2025

மறுக்க வேண்டியதில்லை. ஜுசெப்பே ஃபியோரெல்லி அகழ்வுப் பொறுப்புக்கு வந்தது 1860-ல். அதற்கு முன் பொம்பெயி நேப்பிள்ஸ் அரசர்களின் சொந்தத் தோட்டம் மாதிரி நடந்தது. விருந்தாளிகள் வந்தால், ஏற்கெனவே எடுத்த பொருளை மறுபடி புதைத்து அவர்கள் கண் முன்னே "கண்டுபிடித்த" கூத்தும் உண்டு. ஃபியோரெல்லி நுழைவுக் கட்டணம் வைத்து எவரும் வரலாம் என்றார். கட்டணம் வந்ததால்தான் கதவு திறந்தது.

அவர் செய்த பெரிய காரியம் வார்ப்பு அல்ல என்பது என் கட்சி. தெருவோடு குடைந்துபோய் வீட்டைப் பக்கவாட்டில் திறக்கும் பழக்கத்தை நிறுத்தினார். அப்படிக் குடைந்தால் மாடிச் சுவரும் கூரையும் தோண்டுபவர் தலையில் விழும். ஒரு வீட்டை எடுத்து மேலிருந்து அடுக்கடுக்காக இறங்கு என்றார். எரிந்த உத்தரத்தின் குழி எங்கே இருந்தது என்று பார்த்து மாடியை மீட்டுக் கட்ட முடிந்தது அதனால்தான். கூடவே நகரத்தை ஒன்பது மண்டலம், மண்டலத்துக்குள் மனைத்தொகுதி, தொகுதிக்குள் வாசல் என்று பிரித்து எண் கொடுத்தார். VI.12.2 என்றால் ஃபான் மாளிகை. இன்று உலகில் யார் பொம்பெயியைப் பற்றி எழுதினாலும் அந்த எண்ணில்தான் எழுதுகிறார்கள்.

ஆனால் ஊருக்குத் தெரிந்தது வார்ப்பு மட்டும். வாசல் எண்ணைப் பார்க்க யார் கட்டணம் கொடுப்பார்கள்?

தாழிமேடு | 6 ஜூன் 2025

வார்ப்பதில் எது எது கெட்டுப்போகும் என்று யாராவது எழுதுங்கள். "ஊற்றினார், வந்தது" என்றே எல்லாரும் முடித்துவிடுகிறார்கள்.

நீற்றுப்பெட்டி | 8 ஜூன் 2025

@தாழிமேடு, எழுதுகிறேன். நீளும்.

1. கண்டுபிடிப்பது. சாம்பலைச் செதுக்கும்போது கரணை திடீரென்று உள்ளே இறங்கும், அல்லது தட்டினால் வெற்றொலி கேட்கும். அங்கேயே கையை நிறுத்த வேண்டும். ஓட்டையைப் பெரிதாக்கினால் அச்சின் விளிம்பு உதிரும்.

2. உள்ளே பார்ப்பது. இப்போது எண்டோஸ்கோப் கேமரா விடுகிறார்கள், லேசர் அளவெடுப்பும் உண்டு. மர வேர், சரிந்த சாம்பல், எலும்பு கிடக்கும் விதம் எல்லாம் பதிவாகும். ஃபியோரெல்லி காலத்தில் இந்தக் கருவிகள் கிடையாது.

3. எலும்பு மாதிரியை ஊற்றுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். பிளாஸ்டரோடு பிணைந்துபோன எலும்பிலிருந்து பின்னால் எதையும் சுத்தமாக எடுப்பது கடினம். 19-ஆம் நூற்றாண்டில் இதை யோசிக்கக் காரணமில்லை. அவர்களுக்கு எலும்பு தொல்லை, உருவம்தான் பரிசு.

4. துளைகள். ஊற்ற ஒன்று, காற்று வெளியேற மேட்டுப் பகுதியில் குறைந்தது ஒன்று. காற்றுத் துளை இல்லையென்றால் மடங்கிய முழங்கை, விரல் நுனி, மூக்கு ஆகிய இடங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். வார்ப்பில் விரல் மொட்டையாக இருந்தால் அந்த ஆளுக்கு விரல் இல்லை என்று அர்த்தமில்லை.

5. கலவை. ஜிப்சம் பிளாஸ்டரில் பொதுக் கணக்கு, 100 பங்கு தூளுக்கு 60 முதல் 70 பங்கு தண்ணீர், எடையில். தண்ணீரில் தூளைத் தூவி, அது தானாக நனையும்வரை விட்டு, பிறகு மெதுவாகக் கிளற வேண்டும். தூளின் மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி, வேகமாக அடித்தால் குமிழி. தோசை மாவை விடக் கொஞ்சம் நீர்த்த பதம். கெட்டியாக இருந்தால் விரல்வரை ஓடாது, தண்ணீர் கூடினால் இறுகியபின் பொடியும். கையில் இருக்கும் நேரம் பத்து நிமிடத்துக்கு அக்கம்பக்கம்தான், அதனால் பாதி ஊற்றிவிட்டு மறுபடி கலக்கப் போனால் வார்ப்பின் குறுக்கே ஒரு தையல் விழும். உலர்ந்த சாம்பல் தண்ணீரை உறிஞ்சுவது வேறு. அது பதத்தை நடுவழியில் மாற்றிவிடும்.

6. காத்திருப்பது. வெளியே தெரியும் வாய் இறுகிவிட்டதே என்று தோண்டக் கூடாது. உட்பகுதி ஈரமாகவே இருக்கும். அவசரப்பட்டால் கழுத்தும் மணிக்கட்டும் முறியும்.

7. சாம்பலை நீக்குவது. பிளாஸ்டர் வெள்ளை, சாம்பல் பழுப்பு, நிற வித்தியாசம் உதவும். ஆனால் துணி மடிப்பு இருக்கும் பகுதியில் கருவி ஒரு முறை வழுக்கினால் மடிப்பு போயிற்று.

இதெல்லாம் சரியாக வந்தாலும் பிற்காலச் சிக்கல் உண்டு. பலவற்றின் உள்ளே இரும்புக் கம்பி வைத்தார்கள், எடை தாங்க. கம்பி துருப்பிடித்து வீங்கும், வீங்கினால் பிளாஸ்டர் வெடிக்கும். ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், ஆகவே கூரை ஒழுகும் இடத்தில் வைத்த வார்ப்பு முகத்தை இழக்கும். 1943-ல் நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டு அங்கிருந்த அருங்காட்சியகத்தின் மேல் விழுந்தது, சில வார்ப்புகள் அதோடு சரி.

செங்கல்சூளை | 8 ஜூன் 2025

இதில் பிசின் வார்ப்பைச் சேருங்கள். பொம்பெயிக்குப் பக்கத்து ஒப்லோந்திஸில் 1984-ல் ஒருவரைக் கண்ணாடி மாதிரியான எபாக்சி பிசினில் எடுத்தார்கள். கூட்டில் நேராகப் பிசினை ஊற்றவில்லை. முதலில் மெழுகு, அதை வெளியே எடுத்து அதன்மேல் அச்சு, மெழுகை உருக்கி நீக்கிவிட்டுப் பிசின். எலும்பும் நகையும் வெளியிலிருந்தே தெரியும். பிளாஸ்டரின் பெரிய குறையே எலும்பு கண்ணில் படாமல் போவது. இது அதைத் தீர்த்தது. ஆனால் செலவும் வேலையும் பல மடங்கு, அதனால் வழக்கமாகவில்லை.

தாழிமேடு | 9 ஜூன் 2025

ஆறாவதைப் படித்ததும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். சங்கிலியில் கட்டியபடியே செத்த நாயின் வார்ப்பு ஒன்று உண்டே, அது எந்த வீடு? "நாய் ஜாக்கிரதை" மொசைக் இருக்கும் வீடுதானே?

வடக்குவாசல் | 9 ஜூன் 2025

இல்லை. மொசைக் இருப்பது சோகக் கவிஞர் வீட்டில். நாயின் வார்ப்பு 1874-ல் வெசோனியஸ் பிரீமஸ் வீட்டில் எடுத்தது, VI.14.20. வழிகாட்டிகள் இரண்டையும் ஒட்ட வைத்துச் சொல்வார்கள். நல்ல கதை, வீடு மட்டும் வேறு.

இரண்டையும் ஒன்றாக்கியதில் புகைப்படத்துக்குப் பங்கு உண்டு. நேப்பிள்ஸில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜோர்ஜோ சொம்மர் வார்ப்புகளைப் படமெடுத்து விற்றார். ஐரோப்பாவில் எங்கெங்கோ வரவேற்பறைகளில் அந்த நாய் கிடந்தது. அச்சில் பரவியது படம், கூடவே போக வேண்டிய வீட்டு எண் போகவில்லை.

கரிக்கோடு | 11 ஜூன் 2025

ஆக ஃபியோரெல்லி நேர்மையானவர், வழிகாட்டிகள் கதை கட்டுபவர்கள். அப்படியா?

செங்கல்சூளை | 11 ஜூன் 2025

அவ்வளவு சுலபமில்லை. பெயர் வைத்தவர்கள் தொல்லியலாளர்களே.

தங்கக்காப்பு வீட்டை எடுங்கள். 1974-ல் படிக்கட்டின் அடியில் நான்கு பேர். பெரியவர் ஒருவர் கையில் 610 கிராம் தங்கக் காப்பு, இடுப்பில் ஒரு குழந்தை. காப்பு, குழந்தை இரண்டையும் பார்த்ததும் "தாயும் சேயும்", பக்கத்தில் இன்னொருவர் "தந்தை", மொத்தமாகக் "குடும்பம்". ஐம்பது வருடம் அப்படியே நின்றது. 2024 நவம்பரில் மரபணு ஆய்வு 'கரண்ட் பயாலஜி' இதழில் வந்தது. காப்பு போட்டவர் ஆண். குழந்தைக்கும் அவருக்கும் ரத்த உறவு இல்லை.

கிரிப்டோபோர்டிகோ வீட்டில் கட்டிப்பிடித்தபடி கிடந்த இருவரும் அப்படித்தான். அக்கா தங்கை, தாய் மகள் என்று பல யூகம். இருவரில் ஒருவர் ஆண் என்று அதே ஆய்வு சொல்கிறது.

மாதிரி எடுத்தவை 14 வார்ப்புகள். முழு மரபணுத் தரவு கிடைத்தது ஐவருக்கே. அதை வைத்து "இவர்கள் எல்லாரும் அந்நியர்கள்" என்று அடுத்த கதையைக் கட்டிவிடக் கூடாது. தத்துப்பிள்ளை, அடிமை, பக்கத்துவீட்டார், எதுவும் இருக்கலாம். ரோமானிய வீடு என்பது ரத்த உறவு மட்டும் வாழ்ந்த இடமும் அல்ல.

நீற்றுப்பெட்டி | 12 ஜூன் 2025

இன்னொன்று அதே ஆய்விலும் முந்தைய சி.டி. ஸ்கேன்களிலும் தெரிந்தது: சில வார்ப்புகளைப் பழைய காலத்திலேயே "சரிசெய்து" இருக்கிறார்கள். உருவம் தெளியட்டும் என்று முகத்தையும் கையையும் தொட்டுத் திருத்தியது, எலும்பை எடுத்துவிட்டது, கம்பி செருகியது. 2015-ல் 86 வார்ப்புகளைச் செப்பனிட எடுத்தபோது ஸ்கேனும் எடுத்தார்கள். வளைந்த கைகால்கள் ஸ்கேன் வளையத்துக்குள் நுழையாது, ஆகவே பலருக்குத் தலையும் மார்பும்தான். பிளாஸ்டரின் அடர்த்தி எலும்புக்கு நெருக்கமாக இருப்பதால் பிரித்தறிவதும் பாடு.

எஸ்டெல் லேஸர் என்கிற ஆஸ்திரேலிய ஆய்வாளர் வெகுகாலமாகச் சொல்லி வருவதும் இதுதான்: பொம்பெயி எலும்புகளைப் பார்த்தவர்கள் முதலில் கதையைத் தீர்மானித்துவிட்டு எலும்பைத் தேடினார்கள். முஷ்டி மடக்கிய கையைப் பார்த்துக் "கடைசி நொடியில் போராடினார்" என்பார்கள். கடும் சூட்டில் மடக்கும் தசைகள் சுருங்கி இழுக்கும், செத்தபின்னும் அப்படி ஆகும். தீ விபத்துச் சடலங்களில் தடயவியல் மருத்துவர்கள் பார்ப்பது இதே நிலைதான்.

கரிக்கோடு | 12 ஜூன் 2025

அப்போ என் ஆரம்பக் கட்சி ஜெயித்தது. பாதி சினிமா.

வடக்குவாசல் | 13 ஜூன் 2025

சினிமா பாதி என்றால் அதைக் கலைத்ததும் தொல்லியலாளர்களே, அதுவும் அதே வார்ப்புக்குள் இருந்த எலும்பை வைத்து. ஃபியோரெல்லி ஊற்றாமல் விட்டிருந்தால் 2024-ல் பரிசோதிக்க என்ன இருந்திருக்கும்? பெயர்ப்பலகையைத் திட்டுங்கள், வார்ப்பைத் திட்டாதீர்கள்.

பெயர் வைக்கும் வியாதி இன்னும் போகவில்லை. 2020-ல் சிவிதா ஜுலியானாவில், நகருக்கு வெளியே இருக்கும் மாளிகையில், இரண்டு ஆண்களின் கூடுகள். ஒருவருக்கு 18–25 வயது, முதுகெலும்பு நசுங்கிய அடையாளம். இன்னொருவருக்கு 30–40, கம்பளி மேலாடையின் பதிவு. மறுநாள் தலைப்புகள் "எஜமானும் அடிமையும்". நசுங்கிய முதுகெலும்பு கடின உழைப்பைக் காட்டும், சரி. கடினமாக உழைத்தவன் அடிமைதான் என்பதற்கு எலும்பில் ஆதாரம் கிடையாது. தோட்டக்காரனும் சுமைகூலியும் சுதந்திரக் குடிகளாக இருக்கலாமே.

அதே இடத்தில் 2021-ல் இதற்கு நேர்மாறான நல்ல வேலை ஒன்று. 16 சதுர மீட்டர் அறை, அங்கே மரச்சாமான்கள் மக்கி விட்ட கூடுகளில் ஊற்றினார்கள். மூன்று கட்டில்கள் வந்தன, இரண்டு 1.70 மீட்டர், ஒன்று 1.40. கட்டிலின் அடியில் பின்னிய கயிற்று வலையின் முடிச்சுகூட பிளாஸ்டரில் நிற்கிறது. மெத்தை கிடையாது, கயிற்றின் மேல் போர்வைதான். மூலையில் ஜாடிகள், ஒரே சிறு சன்னல். சின்னக் கட்டில் குழந்தையுடையதாக இருக்கலாம் என்று "இருக்கலாம்" போட்டே எழுதினார்கள். உடல் ஒன்றும் இல்லாத வார்ப்பு, ஆனால் அந்த அறையில் படுத்தவர்களைப் பற்றி மேலே சொன்ன இருவரை விட அதிகம் சொல்கிறது.

தாழிமேடு | 13 ஜூன் 2025

அந்த மாளிகையில் திருடர்கள் குடைந்த சுரங்கம் 80 மீட்டருக்கு மேல். கூட்டின் ஒரு பக்கம் சுரங்கத்தால் திறந்திருந்தால் ஊற்றிய பிளாஸ்டர் அந்த வழியாக ஓடிப்போகும், முதலில் அதை அடைக்க வேண்டும். அரசு வழக்கறிஞர் அலுவலகமும் தொல்லியல் பூங்காவும் சேர்ந்து தோண்டிய இடம் அது. நல்லவேளை.

கரிக்கோடு | 20 ஜூன் 2025

கொஞ்சம் விலகிக் கேட்கிறேன். பொம்பெயியில் ஒரு லட்சுமி சிலை கிடைத்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே?

தாழிமேடு | 20 ஜூன் 2025

சிலை உண்மை. லட்சுமி சந்தேகம்.

1938-ல் கிடைத்தது, அபொந்தான்ஸா தெருவுக்கு அருகில் I.8.5 வீட்டில். தந்தம், உயரம் சுமார் 25 செ.மீ. நடுவில் பெண், இரு பக்கமும் குள்ளமாகப் பணிப்பெண்கள். நேப்பிள்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லட்சுமி என்று முதலில் எழுதியவர் அமெதேயோ மையூரி. 1924 முதல் 1961 வரை பொம்பெயி அகழ்வுத் தலைவர், அரசர் என்றே சொல்லலாம்.

சிக்கல் என்னவென்றால், தாமரையோ யானையோ எதுவும் இல்லை. நகை அணிந்த நிர்வாணப் பெண், இந்தியச் சிற்பத்தில் யட்சி வகைக்கு நெருக்கம். தலையிலிருந்து கீழே இறங்கும் துளை இருக்கிறது, ஆகவே கண்ணாடிக் கைப்பிடியாகவோ மேசைக் காலாகவோ இருந்திருக்கும். அடியில் கரோஷ்டி எழுத்து ஒன்று. அது வடமேற்கு இந்திய எழுத்து. மகாராஷ்டிரத்தில் தேர், போகர்தன் ஆகிய ஊர்களில் இதே சாயலில் உருவங்கள் கிடைத்துள்ளன. மேற்குக் கரைத் துறைமுகம் வழியாகப் போயிருக்க இடமுண்டு. தமிழகத்தோடு முடிச்சுப் போட இதில் எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால் நம்ப வேண்டாம்.

செங்கல்சூளை | 21 ஜூன் 2025

மையூரி பற்றி ஒரு வார்த்தை. பொருளை எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பாமல் கிடைத்த இடத்திலேயே வைத்துக் காட்டினால் மக்களுக்கு வீடு வீடாகத் தெரியும் என்ற கொள்கையைப் பரவலாக்கியவர். 1930-ல் மெனாண்டர் வீட்டில் 118 வெள்ளிப் பாத்திரங்கள் எடுத்ததும் அவர் காலத்தில்தான். ஆனால் கூரை போட்டால்தான் வீடு வீடாகத் தெரியும், கூரைக்கு அப்போது எல்லாரும் எடுத்தது கம்பி போட்ட கான்கிரீட். பழைய சுவரின் தலையில் அவ்வளவு எடை. கம்பி துருப்பிடிக்கிறது, மழைநீர் சுவருக்குப் பின்னால் இறங்குகிறது. 2010 நவம்பர் 6-ஆம் தேதி ஸ்கோலா அர்மத்துராரம் இடிந்து விழுந்தது. குண்டுவீச்சில் சேதமாகி, போருக்குப் பின் கான்கிரீட் கூரை போட்டு எழுப்பிய கட்டடம். அதற்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியப் பணத்தோடு 105 மில்லியன் யூரோ திட்டம் வந்தது. செலவில் பெரும்பகுதி வடிகாலும் சரிவைத் தாங்கும் வேலையும். தொலைக்காட்சிக்கு ஏற்ற காட்சி எதுவும் அதில் இல்லை.

தாழிமேடு | 22 ஜூன் 2025

தமிழ்நாட்டு முடிச்சு இல்லை என்று நானே எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: ரோமானியத் தொல்லியலைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோன முதல் நட்சத்திரம் மார்ட்டிமர் வீலர், அவர் கைபட்ட இடம் அரிக்கமேடு.

1944-ல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராக வந்தவர், சென்னை அருங்காட்சியக அலமாரியில் ரோமானிய மதுச்சாடியின் கைப்பிடியும் கழுத்தும் இருப்பதைப் பார்த்தார். புதுச்சேரிப் பக்கத்து மேட்டிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் 1945-ல் அங்கே குழி போட்டார். சதுரம் சதுரமாகப் பிரித்து, நடுவே மண்சுவரை வெட்டாமல் நிறுத்தும் முறை. ஆற்றங்கரை மண், கீழே போகப் போகத் தண்ணீர். இறைத்துக்கொண்டேதான் தோண்ட வேண்டும், நிறுத்தினால் நிற்கும் மண்சுவர் ஊறிச் சரியும், சரிந்தால் அடுக்கு வரிசை குழம்பும்.

அவர் தேடியது இத்தாலிய அரெத்தைன் பாண்டம். சிவப்பு மெருகு, அடியில் குயவர் முத்திரை. எப்போது உற்பத்தியானது என்று ஐரோப்பாவில் கணக்கு இருக்கிறது. அது கிடைத்த அடுக்கில் கூடவே கிடந்த உள்ளூர்ப் பானைக்கும் அந்தத் தேதியைக் கொடுக்கலாம். தென்னிந்தியத் தொல்லியலுக்கு அதற்கு முன் உறுதியான தேதிப் பிடிமானம் இல்லை, ஆகவே பெரிய காரியம்.

தப்பு எங்கே என்றால், "ரோமானிய வணிக நிலையம்" என்ற பெயரில். அங்கே கிடைத்த, உருளையால் கோடு பதித்த உருட்டு முத்திரைப் பாண்டத்தையும் மேற்கத்தியத் தாக்கமாகவே பார்த்தார். களிமண் பகுப்பாய்வு அது இந்தியாவில் செய்தது என்று காட்டியது. 1989–92-ல் விமலா பெக்லி மறுபடி தோண்டியபோது ஊர் ரோமானியருக்கு முன்பே இருந்ததும், அவர்கள் போனபின்னும் இருந்ததும் தெரிந்தது. ரோமானியர் வந்து உண்டாக்கிய ஊர் அல்ல, இருந்த ஊருக்கு ரோமானியச் சரக்கு வந்தது.

வடக்குவாசல் | 22 ஜூன் 2025

வீலர் தோண்டிய மெய்டன் கோட்டையும் அப்படியே. இங்கிலாந்தின் பழைய மலைக்கோட்டை, 1934–37. பார்வையாளரை வேலிக்கு வெளியே நிறுத்தாமல் உள்ளே விட்டு, ஆள் வைத்து விளக்கி, அஞ்சலட்டையும் உதவாத ஓட்டுத்துண்டும் விற்று அகழ்வுக்குப் பணம் சேர்த்தார். கிழக்கு வாசலில் கிடைத்த எலும்புகளை வைத்து ரோமானியப் படை வந்து கோட்டையைச் சூறையாடி முடித்த ஒரே நாள் என்று அவர் எழுதிய காட்சி பாடப்புத்தகம்வரை போனது. 2025-ல் வந்த கார்பன் தேதிகளின்படி அந்தச் சாவுகள் ஒரே நாளில் நடக்கவில்லை, பல பத்தாண்டுகளில் பரவியவை, பெரும்பாலும் ரோமானியர் வருவதற்கு முன்பு.

கரிக்கோடு கேட்டதற்கு என் பதில் இதில் வந்துவிடுகிறது. வீலரின் குழி வரைபடம், அடுக்கு எண், எலும்பு வைத்த பெட்டி எல்லாம் இருந்தன. அதனால் கதையைச் சோதிக்க முடிந்தது. கதை சொல்வது குற்றமில்லை, கதைக்கு அடியில் ஆதாரத்தைப் பத்திரமாக வைக்காமல் சொல்வதுதான் குற்றம். 1772-ல் பொம்பெயியின் தியோமெதிஸ் மாளிகையில் ஒரு பெண்ணின் மார்பு பதிந்த சாம்பல் துண்டை வெட்டி எடுத்து நேப்பிள்ஸில் வைத்தார்கள். அதைப் பார்த்து உருகியவர்கள் ஏராளம். இன்று துண்டே காணோம். சோதிக்க வழியில்லை.

கரிக்கோடு | 23 ஜூன் 2025

"பாதி சினிமா" என்பதில் "பாதி"யைக் கால் ஆக்கிக்கொள்கிறேன். அதற்கு மேல் இறங்க மாட்டேன்.

நீற்றுப்பெட்டி | 2 ஜூலை 2025

வெசுவியஸ் எந்த நாளில் வெடித்தது என்ற தேதிச் சண்டையை யாரும் தொடவில்லையே. ஆகஸ்ட் 24 என்பது வெடிப்பைக் கண்ட ரோமானிய எழுத்தாளர் பிளினியின் கடிதப் பிரதிகளிலிருந்து வந்தது. பிரதிகள் ஒத்துப்போவதில்லை. 2018-ல் ஒரு வீட்டுச் சுவரில் அக்டோபர் 17-க்குரிய கரி எழுத்து கிடைத்தது. கரி சீக்கிரம் அழியும், ஆகவே வெடிப்புக்குக் கொஞ்ச நாள் முன்பு எழுதியது, ஆகவே அக்டோபர் 24 என்று அறிவித்தார்கள். சுவரில் வருடம் எழுதவில்லை. கூரைக்கு அடியில் இருக்கும் கரி ஒரு வருடம் நிற்காது என்று எவரும் நிறுவவும் இல்லை.

வேடிக்கை, இலையுதிர்காலத் தரப்பின் பழைய துருப்புச்சீட்டு அதே தங்கக்காப்பு வீட்டில் கிடைத்த, பேரரசர் டைட்டஸின் வெள்ளிக்காசு. தேய்ந்துபோன எழுத்தில் பேரரசருக்குக் கிடைத்த 15-ஆவது வெற்றி முழக்கம் (பட்டங்களோடு எண்ணிப் போடும் கௌரவம்) என்று படித்தார்கள், அது செப்டம்பருக்குப் பிந்தையது. பிறகு மறுபடி பார்த்தால் 14. சீட்டு செல்லாது. அறுவடைப் பழங்கள், கணப்புச் சட்டிகள் என்று வேறு ஆதாரங்கள் இருக்கின்றன, அவற்றால் இலையுதிர்காலத்துக்கே என் சாய்வு. ஆனால் நாளைக் குறித்துக் கொடுக்க முடியாது.

செங்கல்சூளை | 3 ஜூலை 2025

மக்களுக்குச் சொல்வதில் எனக்குப் பிடித்தது, அதே வெடிப்பில் புதைந்த பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தின் கழிவுத் தொட்டி. ஆண்ட்ரூ வாலஸ்-ஹாட்ரில் தலைமையில் 2001-ல் தொடங்கிய பாதுகாப்புத் திட்டம். சாக்கடை என்று நினைத்துத் துப்புரவாக்கப் போனவர்கள், வெளியேறும் வழி இல்லாத தொட்டி என்று கண்டார்கள். மேலே கடைகளும் சிறு குடித்தனங்களும். 750 சாக்கு மூட்டை மக்கிய மலமும் சமையல் கழிவும். சல்லடையில் தண்ணீர் விட்டு அலசினால் அத்தி விதை, மீன் முள், கடல் முள்ளெலி ஓடு. சாதாரணக் குடித்தனக்காரர்கள் சாப்பிட்டதே இவ்வளவு வகை.

ரோமானிய வரலாற்று ஆய்வாளர் மேரி பியர்ட் தொலைக்காட்சியில் இந்த மாதிரிச் சரக்கைத்தான் எடுத்தார். அடுப்படி, கழிப்பறை, சுவர்க் கிறுக்கல். "எப்படித் தெரியும்?" என்று காமிராவைப் பார்த்தே கேட்பார். பேரரசரில் தொடங்காததால் பேரரசர் வரும்போது அவருக்கும் வயிறு இருந்தது தெரிகிறது.

தாழிமேடு | 3 ஜூலை 2025

750 மூட்டையைச் சுமந்தவர்களின் பெயர் எந்த நிகழ்ச்சியிலும் வரவில்லை.

கரிக்கோடு | 19 ஜூலை 2025

நேரில் போகிற ஒருவருக்கு வார்ப்பு பார்க்க எங்கே போகச் சொல்வது? ஒரு வரி போதும்.

நீற்றுப்பெட்டி | 19 ஜூலை 2025

ஒரு வரியில் முடியாது. தப்பியோடியோர் தோட்டம், மண்டலம் I, நகரின் தென்கிழக்கு மூலை. 1961-ல் கிடைத்த 13 பேர், விழுந்த இடத்திலேயே. மைய மன்றத்தின் தானியக் கிடங்கில் மதுச்சாடிகளோடு சில, கம்பிக்கு வெளியிலிருந்து பார்க்கலாம். 2021-ல் மறுபடி திறந்த அருங்காட்சியகத்தில் இன்னும் சில. 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை, டிக்கெட்டில் பெயர் இருக்கும், முன்பதிவு செய்துகொண்டு போகச் சொல்லுங்கள். தோட்டத்துக்கு மதிய வெயிலில் நடக்க வேண்டாம், வழியில் நிழல் குறைவு. பலகையில் "தாய்", "அடிமை" என்று இருந்தால், பலகை எந்த வருடத்தது என்று பார்க்கச் சொல்லுங்கள்.